கட்டுத்தரைக்கு ஓர் ஒட்டுப்போர்வை

வியாழக்கிழமை காலை ஏழு மணி. சேரன் எக்ஸ்பிரஸ் கோயமுத்தூர் ஜங்ஷனில் நின்றபோது ஜன்னல் கம்பியெல்லாம் பனி. தொண்ணூற்றாறாம் வருடத்துப் பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. சென்னையில் மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற எனக்கு, பேசும்போது வாயிலிருந்து புகை வருவதே ஒரு வேடிக்கையாக இருந்தது.

கலாமணி பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். கையில் பூவோ பழமோ இல்லை. சுருட்டிய ஒரு காலண்டர் இருந்தது. திருச்சி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். நான் சென்னையில் தொலைபேசி அலுவலகத்தில் சேர்ந்தேன். அவள் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மருமகளாகப் போனாள். தோட்டம் என்றால் பூச்செடி வைத்த இடமில்லை. விளைநிலத்துக்கு நடுவே வீடு, கிணறு, விசைத்தறிக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை எல்லாம் அடங்கியது. மாட்டுக் கொட்டகைக்கு அங்கே கட்டுத்தரை என்று பெயர்.

"முதல்ல இதைப் பாரு" என்று அங்கேயே காலண்டரை விரித்துவிட்டாள். அமெரிக்காவில் இருக்கும் அவள் சித்தி மகள் அனுப்பியது. மாதத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றும் துண்டுத் துணிகளை முக்கோணமும் சதுரமுமாக வெட்டித் தைத்த போர்வை. கலாமணியும் அப்படித்தான் தைப்பாள். திருப்பூர் பனியன் வெட்டில் மிஞ்சும் துணி, சோமனூர் தறிகளில் மிஞ்சும் ஓரத்துணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டு ஒட்டுப்போர்வை தைத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். எனக்கே இரண்டு தந்திருக்கிறாள்.

"இதைத் துணியில தைக்கப் போறதில்லை வசந்தா. பலகையில பெயிண்ட் அடிச்சு, புதுக் கட்டுத்தரைக்கு மாட்டப் போறேன். பட்டிப் பொங்கலுக்கு ஒறம்பரை எல்லாம் வருவாங்க. அதுக்குள்ள முடிக்கணும். உன்ற கை நேராக் கோடு போடும், எனக்குத் தெரியும்."

பட்டிப் பொங்கல் என்றால் மாட்டுப் பொங்கல்; ஒறம்பரை என்றால் விருந்தாளிகள். என்னை எதற்காக இத்தனை வற்புறுத்தி வரச்சொன்னாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

காலை ஒன்பது மணிக்கு உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், அமானுல்லா பாயின் மரக்கடையில் இருந்தோம். சந்து முழுக்க மரத்தூள் வாசனை. பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில் சொருகியிருந்தார். கலாமணி அவரிடம் மூன்று பிளைவுட் தகடுகளை ஒவ்வொன்றும் பாதியாக அறுத்து, நாலடிக்கு நாலடியில் ஆறு பலகை கேட்டாள்.

"கட்டிலுக்குங்களா அம்மணி?"

"இல்லீங்க பாய். கட்டுத்தரைக்கு."

பாய் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "மாட்டுக்குப் பிளைவுட்டா?"

காலண்டரைக் காட்டினாள். அவர் ஒவ்வொரு மாதமாகப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் டிசம்பரில் நின்று, "இது எங்க ஊட்டுல என்ற சம்சாரம் தைக்கிற மாதிரியே இருக்குதே! அமெரிக்காவுலயும் பழைய துணியத் தூக்கிப் போடமாட்டாங்களா?" என்று சிரித்தார். பிறகு கறாராகச் சொன்னார்: "வெய்யில்லயும் மழையிலயும் நிக்கோணும்னா தண்ணி தாங்குற பிளைவுட்டாப் பாத்துத் தாரேன். ஆனா ஓரத்துக்கு ரெண்டு கை கூடுதலா பிரைமர் அடிக்கோணும். தண்ணி ஓரத்து வழியாத்தான் உள்ள போகும். மாட்டி முடிச்சதும் ஒரு போட்டோ கொண்டு வாங்கம்மணி."

பலகைகளை ஒரு டெம்போவில் ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். மடியில் பெயிண்ட் டப்பாக்கள். அவிநாசி ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மில் காம்பவுண்டுகள், கல்லூரிகள், நடுநடுவே சோளக்காடு. சூலூர்ப் பிரிவு தாண்டியதும் டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க்கா, எலெக்சன் போர்டுங்களா? எந்தக் கட்சிங்க?"

"மாட்டுக் கட்சிங்க" என்றாள் கலாமணி.

கருமத்தம்பட்டி நால்ரோட்டில் நிறுத்தி ஒன்றரை ரூபாய் டீ குடித்தோம். அங்கே காற்றிலேயே தறிச் சத்தம் இருக்கிறது. எந்தத் தெருவில் நின்றாலும் டடக் டடக் என்று காதில் விழும். டீக்கடைக்காரர் அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தாமல் பேசுகிறார். கேட்பவர்களுக்கும் அது கேட்கிறது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தோட்டம். கலாமணியின் கணவர் செல்லமுத்து தறிக் கொட்டகையிலிருந்து பஞ்சு படிந்த தலையோடு வந்து, "வாங்கம்மணி, பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பலகைகளைப் பார்த்தார்.

"மாட்டுக்கு எதுக்குங்க படம்?"

"மாட்டுக்கு இல்லீங்க. எனக்கு."

அவர் முதல் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அது சம்மதம் என்று கலாமணி சொன்னாள்.

புதுக் கட்டுத்தரை நல்ல வெளிச்சமாக இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தீனித்தொட்டி, வெள்ளையடித்த சுவர். அதற்கு நேர் எதிரே கல்லுக்கால் நட்டுக் கட்டிய கம்பி வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் சோளக்காடு. அதற்குப்பின் இன்னொரு ஓட்டு வீடு. அது செல்லமுத்துவின் அண்ணன் குமாரசாமி வீடு. பாகம் பிரித்தபோது ஒரு வரிசைத் தென்னை யாருக்கு என்பதில் வார்த்தை தடித்து, மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கலாமணியின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது இந்த வேலிதான்.

"நாலு பலகை கட்டுத்தரைக்கு, ரெண்டு பலகை வேலிக்கு" என்றாள் அவள்.

செல்லமுத்துவின் முகம் மாறியது. "வேலிக்கு வேண்டாம். எங்கண்ணன் ஏதாச்சும் நெனைச்சுப்போடுவாரு. அப்புறம் பெரியவங்களையெல்லாம் கூட்டி வெச்சுப் பேசற மாதிரி ஆயிரும்."

"என்ற சன்னல்ல தெரியிற வேலி அது. மூணு வருசமா முள்ளுக் கம்பியவே பாத்துட்டிருக்கறனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தேன்.

வியாழன் பிற்பகல் முழுக்க பிரைமர். வெளிர் ரோஜா நிறத்தில், முன்னும் பின்னும், பாய் சொன்னபடி ஓரங்களில் கூடுதலாக. வெள்ளிக்கிழமை காலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முன்பக்கம் மட்டும் வெள்ளை அடித்து, மதியத்துக்குமேல் கோடு போட்டோம். துணிக்குப் போடும் நீலப்பொடியில் நூலைத் தோய்த்து, ஆளுக்கொரு முனையை இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் பலகையில் நேர்கோடு விழும். நான் கை நடுங்காமல் கோடு போடுவேன் என்று நம்பி அழைத்தவள், கடைசியில் என் கையையே நம்பவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முறை அளந்தாள்.

நிறம் ஒன்றோடொன்று கலக்காமலிருக்கத் தறிக் கொட்டகையில் ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பை ஒட்டினோம். அது முதல் நாள் நல்லபிள்ளையாக ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை உரித்தபோது அடியிலிருந்த வெள்ளையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. கலாமணி இடுப்பில் கைவைத்து நின்று அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு ஒரு சின்னத் தூரிகையை என் கையில் கொடுத்து, "நீ எதுக்கு வந்திருக்கே?" என்றாள். அன்று சாயங்காலம்வரை நான் கிழிந்த ஓரங்களைத் தூரிகையால் தைத்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. ஆனால் அலுவலகத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததேயில்லை. பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்ததும் மஞ்சள் தானே எழுந்து நிற்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே அடுத்த முக்கோணத்துக்கு ஓடினேன். செல்லமுத்து தறிக்கும் வீட்டுக்கும் போகும் சாக்கில் அந்தப்பக்கமாகவே போய்வந்துகொண்டிருந்தார். நான்காவது தடவை நின்று, "அந்த மூலையில செவப்பு வெச்சா எடுப்பா இருக்குமுங்க" என்றார். வைத்தோம். எடுப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாட்டினோம். வாசலுக்கு மேலே பெரிய நட்சத்திரம்: எட்டு முனை, சிவப்பும் மஞ்சளும், நடுவில் கறுப்புச் சதுரம். பக்கச்சுவர்களில் மூன்று. வேலியின் கல்லுக்கால்களில் கம்பி கட்டி இரண்டு. ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு வந்த கலாமணி என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள்.

பொழுதோடு, அதாவது சாயங்காலம், மேய்ச்சலுக்குப் போன செவலைப் பசு திரும்பியது. அவளுக்கு இரண்டு மாதத்தில் கன்று போடும் காலம். வழக்கமாகக் கயிறு பிடிக்காமலே உள்ளே போய்த் தொட்டியில் வாய் வைக்கிறவள், வாசலுக்குப் பத்தடி முன்பே நின்றாள். தலையைத் தூக்கி நட்சத்திரத்தைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது. செல்லமுத்து, "ஹோய், வா" என்று கயிற்றைப் பிடிக்கப் போனதுதான் தாமதம், திரும்பி ஒரே ஓட்டம். வேலி முடியும் இடத்தில் கல்லுக்கால் சாய்ந்த ஒரு சந்து இருந்தது. அதன் வழியே குமாரசாமியின் சோளக்காட்டுக்குள் போய் மறைந்துவிட்டாள். சோளத்தட்டுகள் ஒடியும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

யாரும் நகரவில்லை. சினைமாடு, வெட்டுக்குழி, கிணறு என்று அந்தப்பக்கம் என்னென்னவோ இருக்கிறது. விரட்டிக்கொண்டு போகவும் முடியாது. அண்ணன் காட்டில் இவர் கால்வைத்து மூன்று வருடம் ஆகிறது. செல்லமுத்து வேலிச் சந்துவரை போய், கையில் கயிறோடு அங்கேயே நின்றார். கலாமணி, "என்ற கிறுக்குத்தனத்துல மாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

கொஞ்சநேரத்தில் சோளத்தட்டு அசைந்தது. முதலில் தெரிந்தது பசுவின் கொம்பு. பிறகு அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி ஒரு பெண். குமாரசாமியின் மனைவி பூவாத்தா. நல்ல உயரம், முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகியிருந்தாள். சந்தில் நின்ற கொழுந்தனாரைப் பார்த்து, "தள்ளுங்க தம்பி, வழிய மறிச்சுட்டு நின்னா எப்படி வர்றது?" என்றாள். அவர் ஒதுங்கினார். அவள் மாட்டோடு இந்தப்பக்கம் வந்துவிட்டாள்.

வாசலருகே பசு மறுபடி நின்றது. பூவாத்தாவும் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனம்மணி, இதையா மாட்டி வெச்சே?"

"ஆமாங்க்கா" என்றாள் கலாமணி, மெதுவாக.

"செவப்பா, நடுவுல கறுப்பா, கண்ண முழிச்சுப் பாக்கற மாதிரி இருக்குது. மாடென்ன, நானே ஓடியிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் தொற்றியது. கலாமணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். செல்லமுத்து ஏணியை எடுக்கப் போய்விட்டார்.

நட்சத்திரத்தை இறக்கி, தொட்டிக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தோம். பழகட்டும் என்றாள் கலாமணி. அன்று செவலை வேப்பமரத்தடியில்தான் கட்டிக் கிடந்தாள்.

பூவாத்தா புறப்படும்போது வேலிப் பலகைகளுக்கு முன்னால் நின்றாள். இனி சண்டை வரும் என்று நினைத்தேன்.

"இக்கட்ட, உங்க பக்கம், இத்தனை அழகா இருக்குது. எங்க பக்கம் வெறும் ரோசாக் கலரு. மத்தியானத்துல இருந்து எங்கூட்டுக்காரர் இதென்ன விளம்பரப் பலகையான்னு கேட்டுட்டே இருக்கறாரு."

கலாமணி வேலிக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "அக்கட்ட உங்களுக்கு என்ன கலருங்க்கா வேணும்?"

"பச்சை" என்றாள் பூவாத்தா, முன்பே யோசித்து வைத்திருந்ததுபோல. "கிளிப்பச்சை."

திங்கட்கிழமை பொங்கல். காலையில் வாசலில் பொங்கல் பொங்கி, சாமி கும்பிட்டுச் சாப்பிட்டபின் கலாமணி ஒரு டப்பாவையும் தூரிகையையும் வேலிக்கு மேலாக நீட்டினாள். அந்தப்பக்கத்திலிருந்து வளையல் கை வந்து வாங்கிக்கொண்டது. பலகையைக் கழற்றவில்லை. மாட்டியபடியே பூவாத்தா பின்பக்கத்தில் பச்சை அடித்தாள். டேப் கிழித்த மூலைகள் சிலவற்றை முன்பக்கத்தில் கலாமணி சரிசெய்தாள். நான் பக்கத்தில் டர்பன்டைனில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவே பலகை. இந்தப்பக்கம் தூரிகை அழுத்தினால் அந்தப்பக்கம் அதிரும்.

"ஆட்டாதே அம்மணி, கோடு கோணுது."

"நீங்கதானுங்க்கா ஆட்டறீங்க."

கொஞ்சநேரம் பெயிண்ட்டைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, பலகைக்கு அந்தப்பக்கமிருந்து:

"போன சித்திரையில உனக்குக் காச்சல்னு சொன்னாங்க. வரோணும்னுதான் இருந்துச்சு."

"தெரியுமுங்க்கா. சன்னல்ல இருந்து பாத்தேன். வேலிகிட்ட ரெண்டு வாட்டி வந்துட்டுத் திரும்பிப் போனீங்க."

"அப்புறம் ஏன் கூப்பிடலே?"

"நீங்க வருவீங்கன்னு பாத்தேன்."

இரண்டு பக்கமும் தூரிகை நின்றுவிட்டது. நான் டர்பன்டைன் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன். முகம் பார்த்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாயங்காலம் காற்று அடித்ததில் இரண்டாவது பலகையின் கம்பி நெகிழ்ந்து ஒருபக்கம் சாய்ந்தது. செல்லமுத்து கட்டிங்பிளேயரோடு வந்தார். அந்தப்பக்கம் சோளக்காட்டு வரப்பில் நின்றிருந்த குமாரசாமியும் வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. அண்ணன் ஒரு முனையைப் பிடித்தார். தம்பி மறுமுனையில் கம்பியை முறுக்கினார்.

"தூக்கு."

"இத்தனை போதுமுங்களா?"

"இன்னும் சித்தெ."

"இப்ப?"

"ம்."

மொத்தப் பேச்சே அவ்வளவுதான். தென்னையைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. ஆனால் முறுக்கி முடித்தபின்னும் இருவரும் உடனே போய்விடவில்லை. அவரவர் பக்கத்தில் நின்று, பலகை நேராக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பட்டிப் பொங்கல். காலையில் எழுந்து போய்ப் பார்த்தால், கட்டுத்தரைக்குள் விட்ட செவலை நட்சத்திரப் பலகையின் ஓரத்தில் கழுத்தை வைத்துச் சொரிந்துகொண்டிருந்தாள். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது, நல்லவேளை. மதியம் அதை மறுபடி வாசலுக்கு மேலே ஏற்றினோம். அவள் அண்ணாந்துகூடப் பார்க்காமல் அடியில் நடந்து உள்ளே போனாள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்தார்கள். கொம்புக்கு வாங்கிய வர்ணம் போதாமல் எங்கள் மிச்ச மஞ்சளைக் கடன் கேட்டார்கள்! பெருந்துறையிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் வந்த ஒறம்பரை கட்டுத்தரையைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். ஓர் அத்தை, "இதென்ன, மாட்டுக்குப் போர்வை தெச்சு மேல மாட்டி வெச்சிருக்கே?" என்று கேட்க, கலாமணி காலண்டரை எடுத்து ஜனவரியிலிருந்து விளக்க ஆரம்பித்தாள். பூவாத்தா சந்து வழியாக ஒரு தூக்குப்போசியில் பொங்கல் கொண்டுவந்தாள். குமாரசாமி வரவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

புதன்கிழமை பிற்பகல் நான் கிளம்பினேன். செல்லமுத்துவின் பைக் பஞ்சர். நடந்தே போகலாமென்று பையை எடுத்தபோது, வேலிக்கு அந்தப்பக்கத்து மண்பாதையில் ஒரு மொபெட் வந்து நின்றது. குமாரசாமி.

"பஸ் ஸ்டாப்புக்குங்களா? ஏறிக்குங்க. நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

கலாமணி என்னைக் கட்டிக்கொண்டு காதில், "பேச்சுக் கொடுத்துப் பாரு" என்றாள்.

நான் கொடுத்தேன். மழை, சோளம், தறி, நூல் விலை. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க", "அப்படித்தானுங்க" என்று முடித்துவிட்டார். கருமத்தம்பட்டி வந்துவிட்டது. கோயமுத்தூர் பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவராகவே தொண்டையைக் கனைத்தார்.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் என் கதவும் எதிர்வீட்டுக் கதவும் ஆறடி இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் வேலியில்லை, சண்டையில்லை, தென்னையில்லை. ஐந்து வருடமாகிறது, அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கேட்க வேண்டும் என்று பையைத் தோளில் மாட்டியபோது தோன்றியது.

"ஏனுங்க அம்மணி" என்றார் குமாரசாமி. "அந்த ரெண்டாவது பலகையில, எங்க பக்கம், கீழ் மூலையில ஒரு எடம் பெயிண்ட் பத்தாம விட்டுப்போச்சுங்க. ரோசாக் கலரு தெரியுது. காட்டோரத்துக் கட்டில்ல உக்காந்தா கண்ணுக்கு நேரா அதான் படுது."

"பூவாத்தாக்காகிட்டச் சொல்லலாமே. ஒரு நிமிஷ வேலைதான்."

"அவளுக்கு வேலை இருக்குமுங்க. நானே அடிச்சுக்குவேன்." பஸ் வந்து நின்றது. என் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "கிளிப்பச்சை கொஞ்சம் மிச்சம் இருக்குமுங்களா?"

"இருக்கு. டப்பாவை அக்கா கலாமணிகிட்டத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. தறிக் கொட்டகைப் பரண்ல இருக்கு."

"தறிக் கொட்டகையிலயா?" அவர் மீசையைத் தடவினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகரும்போது ஜன்னலுக்கு அருகே இரண்டடி கூடவே நடந்து வந்தார்.

"சரிங்க. போற வழியில தம்பிகிட்டக் கேட்டு வாங்கிக்கறேன்."